ஊரடங்கு என்றொரு இசைக்குழு

எங்கள் வீட்டுக்குள் றொக் இசை ஒரு சுகவிசாரிப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்த பெரியம்மாவின் மகன் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு, கசெற்றில் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அம்மாவும் நானும் றேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டோம். அங்கே பனி கொட்டுகிறதாம். மீன் கிடைக்கிறதாம், ஆனால் ருசியில்லையாம். கடைசியில் "எல்லாரும் கவனமா இரிங்க" என்று சொல்லி நிறுத்தினான். அடுத்த கணம் தகரக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவதுபோல ஒரு சத்தம் எழும்பியது. அதற்குள்ளிருந்து ஒருவன் வாய்விட்டு அலறினான்.

அம்மா நெஞ்சில் கையை வைத்தபடி எழுந்துவிட்டார். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு பெரிய சத்தமும் அதன் பின்னால் ஓர் அலறலும் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியம்மாவின் மகனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று அழத் தொடங்கினார். அவன் ஒரு பாட்டுக் கசெற்றின்மேல்தான் தன் பேச்சைப் பதிந்திருக்கிறான், பேச்சு முடிந்த இடத்தில் பழைய பாட்டு எட்டிப் பார்க்கிறது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. "இது பாட்டெண்டா அழுறது ஆரு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் அப்போது ஏ.எல். பரீட்சையை ஒருமுறை எழுதிக் கோட்டைவிட்டு, இரண்டாம் முறை எழுதப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் நிறைய இருந்தது. அந்தக் கசெற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த அலறலுக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவன் பாடியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும் என் கவலைகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே ஆள் என்று தீர்மானித்து, அன்றிலிருந்து தலைமயிர் வெட்டுவதை நிறுத்தினேன்.

கசெற்றை என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் கொண்டுபோனேன். அவன் போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் தச்சுவேலை செய்பவர். மாமன்மார் எல்லோரும் கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் வாசித்து, ஆட வைக்கிற பைலாப் பாட்டுப் பாடுபவர்கள். அவனும் நடக்கப் பழகியபோதே கிற்றாரைத் தூக்கியவன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மச்சான், ஸ்பீக்கர் கிழிஞ்சா எப்பிடி வருமோ, அப்பிடி வாசிக்காங்க. வேணுமெண்டே செய்யிறாங்க."

"எங்களாலயும் ஏலுமா?"

"எங்களிட்ட நல்ல ஸ்பீக்கரே இல்லையே. இத விட லேசா ஆருக்கு ஏலும்?"

அப்படித்தான் எங்கள் இசைக்குழு தொடங்கியது.

ட்றம் அடிக்க ஒருவன் தேவைப்பட்டான். ரியூசன் வகுப்பில் எங்கள் பின்வாங்கில் இருந்து மேசையைத் தட்டி, அடிக்கடி வெளியே அனுப்பப்படும் ஒருவன் இருந்தான். ஏறாவூர்க்காரன். வாப்பா அங்கே புடவைக்கடை வைத்திருந்தார். அந்த வருடங்களில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே என்ன இருந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் தாய்மார் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அதனால் பழகுவதற்கு நடுவில் ஓர் இடம் பார்த்தோம். தன்னாமுனையில் என் மாமி, அப்பாவின் தங்கை, இருந்தார். அவருடைய வளவின் அடியில் களப்போரமாக வலையும் துடுப்பும் போட்டுவைக்கிற கிடுகுக் கொட்டில் ஒன்று இருந்தது. ஏறாவூரிலிருந்து அவன் சைக்கிளில் வருவான். நாங்கள் பட்டணத்துப் பக்கமிருந்து போவோம். வீட்டில் அவன் கணக்குப் பாடத்துக்கு மேலதிக வகுப்பு என்று சொல்லியிருந்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ட்றம் என்பது வெட்டிய டீசல் பீப்பா ஒன்றும், பாடசாலை வாத்தியக் குழு கழித்துவிட்ட பறை ஒன்றும், பிஸ்கற் ரின் மூடிகளும். கிற்றார்க்காரன் பழைய தொலைபேசி ஒன்றின் வாய்க்குழாயைக் கழற்றித் தன் மரக் கிற்றாருக்குள் ஒட்டி, வயர் இழுத்து, ஒலிபெருக்கிக் கடைக்காரர் எறிய வைத்திருந்த அம்பிளிபயரில் கொழுவினான். கோயில் திருவிழாக்களில் மரத்தில் கட்டுகிற நீட்டு வாய்க் குழாய்தான் ஸ்பீக்கர். மின்சாரம் வந்தால் வரும். வராத நாட்களில் மாமாவின் உழவு இயந்திரத்துப் பற்றறி. முதல் நாள் அவன் கம்பியைத் தட்டியதும் கசெற்றில் கேட்ட அதே கிழிசல் சத்தம் வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் பாடுபட்டுக் கெடுத்த சத்தம் எங்களுக்குக் கெட்டுப்போயே கிடைத்தது. மாமியின் கோழிகள் வேலி தாண்டிப் போய் அடுத்த வளவில் முட்டையிடத் தொடங்கின.

பாட்டு எழுதுவதும் பாடுவதும் என் பொறுப்பு. காரணம், எனக்கு வேறொன்றும் தெரியாது. 'நான் ஒரு நீரில்லாக் கிணறு' என்று ஒரு பாட்டு எழுதியிருந்தேன். என் உள்ளத்து வெறுமையைச் சொல்லும் பாட்டு என்பது என் எண்ணம். கண்ணை இறுக்கி மூடி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் மடிந்து விழப்போகிறவன்போல நின்று பாடுவேன். கசெற்றில் பாடியவனை நான் கண்டதில்லை. அவன் இப்படித்தான் நிற்பான் என்பது என் ஊகம். தேத்தண்ணி கொண்டுவந்த மாமி கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"எங்கட கிணத்தில தண்ணி கிடக்குத்தானே. ஏன் மனே இல்லயெண்டு பாடுறாய்?"

அது வேறு கிணறு என்றேன். யாருடைய வளவில் என்று கேட்டார்.

பெயர் வைப்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை. 'பாடும் மீன்கள்' என்று வைக்கலாம் என்றான் ஏறாவூர்க்காரன். எங்கள் களப்பில் மீன்கள் பாடும் என்பார்கள்; அந்தப் பெயரில் மட்டக்களப்பில் விளையாட்டுக் கழகம், அச்சகம், சாப்பாட்டுக் கடை எல்லாம் இருந்தன. எனக்கு ஒற்றைச் சொல்லில், கேட்டதும் மனம் திடுக்கிடும்படி ஒரு பெயர் வேண்டும். 'ஊரடங்கு' என்றேன். எங்கள் இளமையின் பெயரே அதுதான் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பிரமித்துப்போனார்கள் என்று நான் நினைத்தேன். பசித்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் நிலைத்தது.

எங்கள் முதல் ரசிகர்கள் சென்றிகளில், தெருக் காவலரண்களில், நின்ற ஆமிக்காரர்கள். வயிற்றுக்குள் வயர் போகிற ஒரு மரச்சாமானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவனை அவர்கள் சும்மா விட முடியாது. ஒவ்வொரு சென்றியிலும் இறக்கி, வாசித்துக் காட்ட வேண்டும். கிற்றார்க்காரன் சளைக்காமல் வாசித்துக் காட்டுவான். என் தலைமயிரைப் பார்த்தவர்கள் அடையாள அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கலைஞனைச் சமூகம் சந்தேகிக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். அம்மா ஒருநாள் நான் நித்திரையாகக் கிடந்தபோது ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டார். மறு பக்கத்தை நானே போய் வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சித்திரை வருடப் பிறப்புக்கு அமிர்தகழிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகம் கலைநிகழ்ச்சி வைத்தது. வழுக்குமரம், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்த பின், பொழுது சாய முன்னமே முடித்துவிடும்படி ஒரு பாட்டு நிகழ்ச்சி. கிற்றார்க்காரனின் மாமன் ஒருவருக்குப் பழக்கம் இருந்ததால் எங்களுக்கும் இடம் தந்தார்கள். மைதானம் நிறையச் சனம். தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் இருந்தார்கள். பின்னால் ஆண்கள் சைக்கிள்களைப் பிடித்தபடி நின்றார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் மண்மூட்டை அடுக்கிய சென்றி.

அறிவிப்பாளர் கழகத்தின் செயலாளர். வானொலியில் செய்தி வாசிக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காதவர். அந்த ஆசை முழுவதையும் கழகத்து மைக்கில் தீர்த்துக்கொள்வார். எங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, தன் கனத்த குரலில் சொன்னார்:

"அன்பார்ந்த பொதுமக்களே, இன்னும் சில நிமிடங்களில் ஊரடங்கு ஆரம்பமாகும். அனைவரும் அமைதியாக இருந்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு நொடி ஒருவரும் அசையவில்லை. பிறகு மைதானம் முழுவதும் ஒரே எழும்பலாக எழும்பியது. பிள்ளைகளை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. தங்கள் சைக்கிள் எது என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. நான் மேடையில் கண்ணை மூடி, தலை குனிந்து, பாட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தங்களைக் கேட்டு, சனம் எங்களைப் பார்க்க முன்னால் நெருங்கி வருகிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது மைதானத்தில் இரண்டு ஆடுகளும் ஒற்றைச் செருப்புகளும் கிடந்தன.

செயலாளர் நிலைமையைத் திருத்த முயன்றார். "பொதுமக்கள் ஓட வேண்டாம், ஊரடங்கு இங்கதான் நடக்கும்" என்றார். ஓடாமல் நின்ற ஒன்றிரண்டு பேரும் ஓடினார்கள்.

சனம் ஓடுவதைக் கண்ட சென்றிக்காரர்கள் துவக்கை நீட்டிக்கொண்டு படுத்தார்கள். அடுத்த சென்றியில் தடையை இழுத்து மூடிவிட்டார்கள். வயர்லெஸ்ஸில் முகாமைக் கூப்பிட்டு ஊரடங்கு போட்டது ஏன் என்று இவர்கள் கேட்க, முகாமுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாதென்று சொல்ல அவர்களுக்கும் தயக்கம். அந்த வட்டாரத்தில் அன்று கடைகளும் பூட்டுண்டன. பேருந்து ஒன்று திரும்பிப் போனது. உண்மையாகவே ஊரடங்கு அமுலில் இருந்தது. என் கலை மக்கள்மேல் இவ்வளவு தாக்கத்தை உண்டாக்கியது அதற்குப் பிறகு ஒருபோதும் இல்லை.

எங்கள் மூவரையும் செயலாளரையும் முகாமுக்குக் கொண்டுபோய் வாசலடி மரத்தின்கீழ் இருத்தினார்கள். இதைச் சொல்லும்போது இன்று சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்த வாசலால் உள்ளே போய்த் திரும்பி வராதவர்களை நாங்கள் அறிவோம். என் முழங்கால்கள் நடுங்கின. மேடையில் நான் பாவனை செய்த அதே நிலை, இந்த முறை என் முயற்சி இல்லாமலே வந்தது. செயலாளர் மெல்லிய குரலில், தான் சொன்ன வசனத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ஏறாவூர்க்காரன் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். ஊரடங்கு போட இங்கே ஆருக்கு அதிகாரம் என்று கேட்டார். உங்களுக்குத்தான் ஐயா என்றார் செயலாளர். அது எங்கள் குழுவின் பெயர் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெயர் உண்மையென்றால் பாட்டும் இருக்க வேண்டும், பாடுங்கள் என்றார். அம்பிளிபயர், பீப்பா எல்லாவற்றையும் மேடையிலிருந்து எடுப்பித்தார்கள். முகாம் முற்றத்தில் ஆமிக்காரர்கள் கூடி நின்று பார்க்க, நாங்கள் 'நீரில்லாக் கிணற்றை'த் தொடங்கினோம். இரண்டாம் அடி முடிய முன் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

பிறகு கிற்றார்க்காரனைப் பார்த்து, பைலா தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற பார்வை. கம்பியில் கையை வைத்தான். பீப்பாவிலிருந்து அதற்கேற்ற தாளம் தானாகவே வந்தது. இவர்கள் இருவரும் நான் வராத நாட்களில் கொட்டிலில் என்ன செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆமிக்காரர்கள் கை தட்டினார்கள், ஒருவன் தொப்பியைக் கழற்றிச் சுழற்றி ஆடினான். ஏதோ ஒரு ஊரில் அவர்களுக்கும் வருடப் பிறப்பு நடந்துகொண்டிருந்திருக்கும். எனக்குப் பைலாவில் ஒரு வரியும் தெரியாது. மைக்கைப் பிடித்தபடி நின்று, அதிகாரி முறைத்துப் பார்த்ததும், நானும் கை தட்டினேன்.

கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு அம்மா வந்தார். ஏறாவூரிலிருந்து வாப்பாவும் வந்துவிட்டார். மூடிய சென்றிகளை எப்படித் தாண்டி வந்தார் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. மகன் உயிரோடு இருப்பதைக் கண்ட ஆறுதலும், மகன் பீப்பா அடிப்பதைக் கண்ட அதிர்ச்சியும் ஒரே முகத்தில் இருந்தன. விட்டு அனுப்பியபோது வெளியே வந்து, மகனைச் சைக்கிளில் ஏற்றுமுன் ஒன்று மட்டும் கேட்டார்.

"கணக்கு வாத்தியார் இதும் படிச்சுக் குடுக்காரா?"

நாங்கள் பேர் பெற்றுவிட்டோம். 'ஊரடங்கு போட்ட பொடியன்கள்' என்று சந்தையில் கையைக் காட்டினார்கள். கலியாண வீடுகளுக்கும் கோயில் பெருநாட்களுக்கும் கூப்பிட்டார்கள். எல்லோரும் கேட்டது பைலாதான். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம். புதிய பெயரில் எனக்கு விருப்பம் இல்லாததால் அதை இங்கே சொல்லவில்லை. பாடுவதற்குக் கிற்றார்க்காரனின் சின்ன மாமன் வந்து சேர்ந்தார். நான் முதலில் இரண்டாம் குரல், பிறகு பிஸ்கற் ரின் மூடி தட்டுபவன், பிறகு வயர் சுற்றுபவன் என்று படிப்படியாக முன்னேறினேன்.

என் பாட்டை முழுவதுமாகப் பாட ஒரே ஒரு இடம் கிடைத்தது. கரடியனாற்றில் ஒரு பாடசாலை விழா. அது களப்புக்கு அப்பால், ஆமியின் பிடிக்கு வெளியே, இயக்கத்தின் கையில் இருந்த பக்கம். ஏறாவூர்க்காரன் வரவில்லை. அந்தப் பக்கம் அவன் போகக்கூடிய இடமாக இருக்கவில்லை. கடைசிச் சென்றியில் பற்றறியை எடுத்துப்போக விடமாட்டோம் என்றார்கள். ஆகவே அம்பிளிபயரும் இல்லை. வேப்பமரத்தின்கீழ் ஒரு வெறும் கிற்றாரும் நானும். முன்னால் பிள்ளைகளும் தாய்மாரும். வழக்கம்போல ஆரம்பித்தேன். முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கையை உயர்த்தினார்.

"தம்பி, கத்தாம பாடுங்க. நாங்க இஞ்சதானே இரிக்கம். புள்ள எழும்பிரும்."

கத்தாமல் பாடினேன். கத்தாமல் பாட அந்தப் பாட்டில் அவ்வளவாக ஒன்றும் இல்லை என்பது எனக்கே கேட்டது. ஆனாலும் சனம் அசையாமல் இருந்தது. சிலர் தலையை ஆட்டினார்கள். ஒரு முதிய மனிதர் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் எழுந்த கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு ஊர் என் வெறுமையை விளங்கிக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது அதிபர் எழுந்து வந்து, பாடசாலைக் கிணறு மாசியிலிருந்து வற்றிக் கிடப்பதையும், பிள்ளைகள் தண்ணீருக்குத் தூரம் நடப்பதையும் இவ்வளவு உருக்கமாக எடுத்துச் சொன்ன தம்பிக்கு நன்றி என்றார். பட்டணத்துக்குத் திரும்பியதும் இதை உரிய இடங்களில் பாடிக்காட்டும்படியும் கேட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? திரும்பி வரும் வழியெல்லாம் கிற்றார்க்காரன் சைக்கிளை மிதிக்க முடியாமல் சிரித்தான். இரண்டு முறை இறங்கி நின்று சிரித்தான். அந்தக் கிணறு பற்றி, எனக்குத் தெரிந்த ஒரு தொண்டு நிறுவனக்காரரிடம் பிறகு சொல்லிப் பார்த்தேன், பாடாமல்.

குழு உடைந்தது என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. கிற்றார்க்காரனின் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே அவன் இப்போது தகப்பனின் தொழிலைச் செய்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறான். ஏறாவூர்க்காரன் கட்டாருக்குப் போனான். நான் மூன்றாம் முறை பரீட்சையில் தேறி, வணிகம் படிப்பிக்கிற ஆசிரியனானேன்.

கட்டாரிலிருந்து வந்து அவன் கலியாணம் செய்தபோது என்னைக் கூப்பிட்டிருந்தான். பெண் வீட்டார் மிகவும் பக்தியான ஆட்கள். தான் ட்றம் அடித்தவன் என்பதை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை என்று வாசலிலேயே காதுக்குள் எச்சரித்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து எல்லோரும் கை போட்டுச் சாப்பிடுகிற விருந்து. மாப்பிள்ளை என்னைத் தனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டான். எதிரில் அவனுடைய வாப்பாவும் மாமனாரும். சாப்பாட்டுக்கு நடுவில் அவனுடைய இடது கை விரல்கள் துடையில் தாளம் போடத் தொடங்கின. 'நீரில்லாக் கிணற்றின்' தாளம் என்று எனக்குத் தெரியும். சந்தோசத்தில் என்னை மறந்து பாட வாயைத் திறந்தேன்.

அவன் ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து என் வாய்க்குள் வைத்தான்.